‘சந்தேகம்’ என்று எழுதி அனுப்பிய பிறகு: கிளினிக் மிஸ்ஸியின் வேலை என்ன?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு மகளின் கேள்வி இது: “அம்மாவுக்கு 58 வயது. இடது மார்பில் ஒரு கட்டி. சனல் பண்ணிக் காட்டிய டொக்டர், புற்றுநோய்ச் சந்தேகம் என்று எழுதி அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கடிதம் தந்திருக்கிறார். லண்டனில் இருக்கும் அக்கா, ‘இதுக்கெண்டே ஒரு ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ் இருப்பா, அவவைப் பிடி’ என்கிறா. டொக்டர் இருக்கும்போது நர்ஸுக்கு இதில் என்ன வேலை? கொழும்பில் அப்படி ஒருவர் இருக்கிறாரா?”

அக்கா இருக்கும் நாட்டுக்கு அவர் சொல்வது சரி. இங்கிலாந்தில் மார்பு, குடல், நுரையீரல் என்று புற்றுநோய் வகைக்கு வகை விசேட தாதியர் இருக்கிறார்கள். குடும்ப டொக்டர் அவசரம் என்று எழுதி அனுப்பினால், 28 நாளுக்குள் ‘புற்றுநோய்தான்’ அல்லது ‘இல்லை’ என்று நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்ற இலக்கு 2021 முதல் அங்கே உண்டு. அந்த நாட்கள் வீணாகாமல் பார்த்துக்கொள்வதில் இந்தத் தாதியருக்குப் பெரிய பங்கு. கொழும்பில் அதே வேலை பெரும்பாலும் பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. கிளினிக் சிஸ்டர் கொஞ்சம், ஸ்கான் அறையில் நிற்கும் மிஸ்ஸி கொஞ்சம், வார்ட் மிஸ்ஸி கொஞ்சம். ஒவ்வொருவரும் தம் பங்கைச் செய்துவிடுவார்கள். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும் இடத்தில்தான் காகிதம் தொலைகிறது, திகதி பிந்துகிறது.

டொக்டரோடு ஒப்பிட்டுக் கேட்டதால் அதையே முதலில் சொல்கிறேன். எந்தப் பரிசோதனை தேவை, முடிவு என்ன, சத்திரசிகிச்சையா மருந்தா என்பதெல்லாம் டொக்டரின் தீர்மானம். அந்தப் பரிசோதனை சரியான ஒழுங்கில் நடந்ததா, மாதிரி கெடாமல் லேப்புக்குப் போனதா, ரிப்போர்ட் வந்ததும் பார்க்க வேண்டியவர் கண்ணில் பட்டதா, அம்மாவுக்கு விளங்கியதா, அடுத்த திகதி கிளினிக் கொப்பியில் ஏறியதா என்று பார்ப்பது தாதியின் வேலை. சந்தேகக் கட்டத்தில் நோயாளிக்கு நேரும் கெடுதியில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வரிசையிலிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு.

பழகிய மிஸ்ஸி முதல் சந்திப்பில் எதையும் விளக்கத் தொடங்க மாட்டார். “அங்க டொக்டர் என்ன சொல்லி அனுப்பினவர், அம்மா?” என்று கேட்பார். “சின்னக் கழலை, கரைக்க மருந்து தருவினம் எண்டு மகள் சொன்னவ” என்று பதில் வந்தால், வீட்டில் எவ்வளவு சொல்லப்பட்டிருக்கிறது என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். பிறகு விபரம் எடுப்பார். கட்டி எப்போது தெரிந்தது, மாதவிடாய் எப்போது நின்றது, முலைக்காம்பிலிருந்து இரத்தம் கசிகிறதா, தோல் உள்ளே இழுபடுகிறதா, அம்மா வழியிலோ அப்பா வழியிலோ யாருக்காவது மார்பு அல்லது சூலகப் புற்றுநோய் இருந்ததா என்று. (அப்பா வழியைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். அதற்கும் அதே கனம் உண்டு.) கடைசியில் மருந்துகள். அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவரா என்பதை இங்கேயே பிடித்துவிட வேண்டும். பயோப்சி (ஊசியால் துண்டு எடுத்துப் பார்ப்பது) அன்று காலையில் தெரிய வந்தால் திகதி தள்ளிப் போகும். வார்ஃபரின் நிறுத்த வேண்டுமானால் வழமையாக 5 நாள், குளோபிடோகிரல் என்றால் 5 முதல் 7 நாள் முன்னதாக நிறுத்துவார்கள். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவரோ, செயற்கை வால்வு உள்ளவரோ தாமாக நிறுத்திவிடக்கூடாது. இதய டொக்டரைக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். மார்பில் ஊசி பயோப்சிக்கு அஸ்பிரினைப் பல இடங்களில் நிறுத்துவதே இல்லை. மருந்துக் கவர்களை அப்படியே அள்ளிக்கொண்டு போங்கள். ‘வெள்ளைக் குளிசை, காலையில ஒண்டு’ என்பதை வைத்து யாரும் எதையும் தீர்மானிக்க முடியாது.

கட்டியின் மேல் நாட்டு மருந்துப் பத்து, எண்ணெய் ஏதாவது போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சில பத்துகள் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். நோய் தோலுக்கு வந்துவிட்டதா, பத்து பண்ணிய வேலையா என்று பார்ப்பவர் குழம்புவார், நோய் எந்தக் கட்டத்தில் என்று கணிப்பதே பிழைத்துவிடும். நல்ல தாதி இதற்காக ஏச மாட்டார். ஏசினால் அடுத்த முறை ஒருவரும் சொல்ல மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

மார்புக் கட்டிக்கு மூன்று பார்வைகள் வேண்டும்: கையால் தொட்டுப் பார்ப்பது, படம், துண்டு எடுத்துப் பார்ப்பது. 58 வயதுக்கு மமோகிராமும் (மார்பு எக்ஸ்-ரே) அல்ட்ராசவுண்ட் ஸ்கானும் சேர்த்து எடுப்பார்கள். வயது குறைந்த பெண்களுக்கு மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் ஸ்கான்தான் முதலில். படம் முன்னே, ஊசி பின்னே என்ற ஒழுங்கு முக்கியம். ஊசி போட்ட இடத்தில் இரத்தம் கண்டிவிட்டால் பிறகு எடுக்கும் படம் தெளிவாக இராது. மமோகிராமுக்குப் போகும் நாள் அக்குளிலும் மார்பிலும் பவுடர், டியோடரண்ட் எதுவும் வேண்டாம். படத்தில் அவை வெள்ளைப் புள்ளிகளாக விழுந்து சுண்ணாம்புப் படிவு போலத் தெரியும், பிறகு இன்னொரு முறை அழைப்பார்கள். மேலுடை தனியாகக் கழற்றக்கூடியதாக இருந்தால் அம்மாவுக்கு வசதி.

பட ரிப்போர்ட்டின் அடியில் பை-ராட்ஸ் என்று ஓர் இலக்கம் இருக்கும். வீட்டில் எல்லோரும் கூகிளில் தேடுவது அதைத்தான். 0 என்றால் படம் போதாது, இன்னும் எடுக்க வேண்டும். 1, 2 நல்லது. 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 வீதத்துக்கும் குறைவு, வழமையாக 6 மாதத்தில் திரும்பப் பார்ப்பார்கள். 4 என்பது 2 வீதத்திலிருந்து 95 வீதம் வரை நீளும் பெரிய பெட்டி, அதனால்தான் அதை ஏ, பி, சி என்று பிரித்து எழுதுகிறார்கள். 5 என்றால் 95 வீதமும் அதற்கு மேலும். 4, 5 இரண்டுக்கும் பயோப்சி வேண்டும். அந்த இலக்கத்தின் பொருளைத் தாதி விளக்குவார், அதற்கு மேல் போய் ஊகம் சொல்ல மாட்டார். அவருடைய முகத்தைப் பார்த்து முடிவைக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். இங்கிலாந்தில் அவசரம் என்று அனுப்பப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கடைசியில் புற்றுநோய் இல்லை என்றுதான் முடிகிறது. ஆனால் அது எல்லா வயதையும் எல்லா அறிகுறிகளையும் சேர்த்த கணக்கு. மாதவிடாய் நின்ற பிறகு புதிதாக வந்த கட்டிக்கு அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டு ஆறப்போடுவது கூடாது.

பயோப்சியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். மரக்க ஊசி போட்டு, தோலில் சில மில்லிமீற்றர் அளவு கீறி, வழமையாக 14 கேஜ் ஊசியால் மூன்று முதல் ஐந்து துண்டு எடுப்பார்கள். ஊசிக் கருவி ஸ்பிரிங்கில் இயங்குவதால் ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்று சத்தம் வரும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அம்மா திடுக்கிட்டு அசைவார், துண்டு தவறும். அந்த ஒரு வசனத்தைச் சொல்வது தாதியின் வேலை. எடுத்து முடிந்ததும் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிப்பார். இடையிடையே தூக்கிப் பார்த்தால் கண்டல் பெரிதாகும். வலிக்குப் பரசிட்டமோல் போதும், புரூஃபன் வகை வேண்டாம். காயத்தில் போட்ட கட்டை ஒரு நாள் நனையாமல் வைத்திருக்க வேண்டும். நீலம் பூத்து ஒரு கிழமை இருப்பது வழமைதான். கட்டு நனைந்து இரத்தம் வழிந்தால், வீக்கம் மளமளவென்று பெருத்தால், காய்ச்சல் வந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் போக வேண்டும். மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். மிக அரிதாகத்தான் நடக்கும், நடந்தால் அவசரம்.

எடுத்த துண்டு போத்தலுக்குள் போகும் அந்த ஒரு நிமிடத்தில் நடக்கும் பிழையைப் பிறகு திருத்த முடியாது. போத்தலில் இருக்க வேண்டியது திசுவைக் கெடாமல் காக்கும் 10 வீத போமலின் திரவம், துண்டின் அளவைப் போல் குறைந்தது பத்து மடங்கு. அவசரத்தில் சேலைனில் போட்டு அனுப்பினால் திசு அழுகத் தொடங்கிவிடும். எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் போமலினில் விழ வேண்டும். குறைந்தது 6 மணித்தியாலம், கூடியது 72 மணித்தியாலம் அதில் ஊற வேண்டும். இந்த எல்லை எதற்கென்றால், பிறகு ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டரோன், ஹெர்-2 என்ற மூன்று பரிசோதனைகள் அதே துண்டில் நடக்கும், அவற்றின் விடையை வைத்துத்தான் மருந்து தீர்மானமாகும். நேரம் தவறிய துண்டு ‘இல்லை’ என்று பொய்யாகக் காட்டக்கூடும். வெள்ளிக்கிழமை போயா விடுமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் மத்தியானம் 2 மணிக்கு எடுத்த துண்டு திங்கள் காலை 8 மணிக்கு லேப்பில் திறக்கப்பட்டால் 90 மணித்தியாலம் ஆகிவிடும். கலண்டரைப் பார்த்துவிட்டு, ‘இதை இன்றைக்கே லேப்புக்குக் கொண்டுபோக ஆள் இருக்கா?’ என்று கேட்கும் தாதி கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

லேபலில் பெயர், கிளினிக் நம்பர், இடதா வலதா, கடிகார முள் கணக்கில் எந்த இடம், போமலினில் போட்ட நேரம் எல்லாம் இருக்க வேண்டும். ஒட்டுவது போத்தலின் உடம்பில். மூடியில் ஒட்டினால், லேப்பில் நாலு போத்தலை ஒன்றாகத் திறக்கும்போது மூடி மாறிப்போகலாம். வெளி லேப்புக்கு நீங்களே கொண்டுபோகச் சொன்னால், போத்தலை வாங்கும்போதே லேபலை ஒருமுறை வாசியுங்கள். இறுக்கி மூடி, இரண்டு பைக்குள் நிமிர்த்தி வைத்து, அன்றைக்கே கொடுங்கள். குளிர்சாதனப்பெட்டி தேவையில்லை. கொட்டினால் கண்ணும் மூக்கும் எரியும், கையால் தொட வேண்டாம்.

‘ஊசி பட்டால் பரவும்’ என்று யாராவது சொந்தக்காரர் சொல்லாமல் இருக்க மாட்டார். மார்பு ஊசி பயோப்சியால் நோய் முற்றுவதில்லை, பயோப்சியைத் தள்ளிப்போடுவதால்தான் முற்றுகிறது. இந்தப் பயம் வானத்திலிருந்து விழுந்ததும் அல்ல. விதைப்பையில் கட்டி என்றால் பையினூடாக ஊசி போடாமல், இடுப்புப் பக்கமாக விதையையே முழுதாக எடுத்துத்தான் பார்ப்பார்கள். கை கால் தசைக் கட்டிகளில் ஊசி எந்த வழியால் போக வேண்டும் என்பதைப் பிறகு வெட்டப்போகும் சத்திரசிகிச்சை நிபுணரைக் கேட்டுத்தான் முடிவெடுப்பார்கள். எந்த இடத்துக்கு எந்த முறை என்பது ஏற்கெனவே யோசித்து வைத்த விஷயம் என்று விளக்கினால் வீட்டார் கேட்பார்கள். ‘அதெல்லாம் மூடநம்பிக்கை’ என்று தட்டிவிட்டால் கேட்க மாட்டார்கள்.

மற்ற உறுப்புகளுக்குத் தயாரிப்பு வேறு. வாய்ப்புண் இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாவிட்டால், வெற்றிலை பாக்குப் போடுகிறவராக இருந்தால் கட்டாயமாக, வோர்ட் பிளேஸில் உள்ள பல் வைத்தியசாலையிலோ வாய் முகச் சத்திரசிகிச்சைப் பிரிவிலோ காட்ட வேண்டும். இலங்கை ஆண்களிடம் முன்னிற்பது வாய்ப் புற்றுநோய்தான். துண்டைப் புண்ணின் விளிம்பில் எடுப்பார்கள், நடுவில் செத்த திசுதான் கிடைக்கும். குடலுக்குக் கொலனோஸ்கோப்பி (கமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) என்றால் இரும்புச்சத்துக் குளிசையை ஒரு கிழமை முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மலம் கறுத்து ஒட்டிப் பார்வையை மறைக்கும். இரண்டு மூன்று நாள் முன்பிருந்து சிவப்பரிசி, குரக்கன், பொன்னாங்காணி, கொய்யா வேண்டாம். வெள்ளைச் சோறு, மீன், முட்டை போதும். முதல் நாள் பிளேன்ரீ குடிக்கலாம், நெக்டோ போன்ற சிவப்புப் பானம் கூடாது, உள்ளே இரத்தம் மாதிரித் தெரியும். நீரிழிவுக்காரர் பட்டினி கிடக்கும் நாளில் இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்று எழுத்தில் வாங்காமல் வீட்டுக்குப் போகக்கூடாது. கலர் ஊசி போட்டு எடுக்கும் சி.டி. ஸ்கானுக்கு முன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர் மெட்ஃபோர்மின் என்ற நீரிழிவுக் குளிசை எடுத்தால் அதைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள்.

இனி, வீட்டார் தாதியைத் தனியாகக் கூப்பிட்டு “அம்மாட்ட சொல்லிப்போடாதீங்க மிஸ்ஸி” என்று கேட்கும் இடம். நம் வீடுகளில் இது கிட்டத்தட்ட வழக்கமே. அன்பில் கேட்பதுதான். ஆனால் பயோப்சிக்கும் சத்திரசிகிச்சைக்கும் ஒப்பம் வைக்கப்போவது அம்மா, அவருக்குத் தெரியாமல் அதை எப்படி வாங்குவது? இதை ரிப்போர்ட் வந்த பிறகு தீர்க்கப் பார்த்தால் எல்லோரும் அழுதுகொண்டு நிற்பார்கள். விடயம் தெரிந்த தாதி முதல் நாளே அம்மாவிடம் கேட்டுவிடுவார்: “முடிவு வந்தா உங்களுக்கே நேரா சொல்லோணுமா, மகளும் பக்கத்தில இருக்கோணுமா, இல்ல மகளிட்ட சொன்னாப் போதுமா?” எந்தப் பதிலும் சரியான பதில்தான். பதிலைக் கொப்பியில் எழுதிவைப்பார். ‘மகளிடம் சொல்லுங்கோ’ என்று அம்மாவே சொன்னால் அது அவருடைய உரிமை. அவர் சார்பில் மற்றவர்கள் சொல்வது வேறு.

மொழியையும் இங்கேயே கவனிக்க வேண்டும். கொழும்பில் ரிப்போர்ட் ஆங்கிலத்தில் வரும், கிளினிக்கில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில் ஓடும், அம்மா தமிழில் நினைப்பார். தமிழ் தெரிந்த தாதியோ டொக்டரோ இருக்கிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். அந்தப் பிள்ளை கெட்ட செய்தியை விழுங்கிவிடும், மார்பு பற்றிய கேள்வியைக் கேட்கக் கூச்சப்படும். எதைச் சொன்னாலும், “வீட்ட போய் அப்பாட்ட எப்பிடிச் சொல்லுவீங்க?” என்று அம்மாவிடமே திருப்பிக் கேட்பது நல்ல தாதியின் பழக்கம். “விளங்கிச்சா?” என்று கேட்டால் எல்லோரும் “ஓம்” என்றுதான் சொல்வார்கள்.

காத்திருக்கும் நாட்கள்தான் பொல்லாதவை. மன அழுத்தத்தை 0 முதல் 10 வரை ஓர் இலக்கமாகச் சொல்லச் சொல்வது புற்றுநோய்ப் பிரிவுகளில் பயன்படும் எளிய முறை. 4 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னும் விபரமாக விசாரிக்க வேண்டும். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கிளினிக்கை விட்டு வெளியே வருமுன் மிஸ்ஸியிடம் கேட்க வேண்டியவை: ரிப்போர்ட் எத்தனை நாளில் வரும், யார் எடுப்பது, நாமா ஆஸ்பத்திரியா? அந்தத் திகதிக்கு வராவிட்டால் எந்த இலக்கத்துக்கு, எத்தனை மணிக்கு அழைப்பது? பெயர் சொல்லிக் கேட்க யார் இருக்கிறார்? இந்தக் கடைசிக் கேள்விதான் லண்டன் அக்கா சொன்னதற்குப் பதில். பதவி எதுவாக இருந்தாலும் ஒரு பெயரை வாங்கிக்கொண்டு வாருங்கள். ரிப்போர்ட்டை நீங்கள் எடுத்தால், எடுத்த அன்றே போட்டோப் பிரதி இரண்டு. மூலப்பிரதி கொப்பியோடு கிளினிக்குக்கு. நல்ல நாள் பார்த்துக் கொண்டுபோகலாம் என்று அலுமாரியில் வைத்த ரிப்போர்ட்டை எந்த டொக்டரும் பார்க்கப் போவதில்லை.

முடிவு புற்றுநோய் என்று வந்தால் அதோடு எல்லாம் தெரிந்துவிடாது. மேலே சொன்ன மூன்று பரிசோதனைகளின் விடை பெரும்பாலும் பிந்தித்தான் வரும். ஹெர்-2 நடுத்தரமாக, 2+ என்று வந்தால் இன்னொரு பரிசோதனையும் சேரும். ‘ஏன் இழுத்தடிக்கிறார்கள்’ என்று தோன்றும். அந்த விடை இல்லாமல் மருந்தைத் தெரிவு செய்ய முடியாது என்று தாதி முன்பே சொல்லிவைத்தால் பாதிப் பதற்றம் குறையும். மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு மாற்றி அனுப்பினால், தனியார் லேப்பில் பார்த்த பயோப்சியின் கண்ணாடித் தகடுகளையும் துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிப் போகச் சொல்வார்கள். அவற்றை எடுத்துத் தர லேப்புக்குச் சில நாள் பிடிக்கலாம், முன்பே கேட்டு வையுங்கள். ஊரிலிருந்து வந்து கொழும்பில் தங்கி நிற்பவர்களுக்கு ஒரு தகவல்: கீமோவுக்கெல்லாம் மகரகமவேதான் என்றில்லை. தெல்லிப்பழை, மட்டக்களப்பு, கண்டி, பதுளை போன்ற இடங்களிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் உண்டு. வீட்டுக்குக் கிட்டவாக மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டியது சிகிச்சை தொடங்குமுன்.

‘புற்றுநோய் இல்லை’ என்று வந்தால் உடனே கொப்பியை மூடிவிடாதீர்கள். மூன்று பார்வைகளும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கையில் கல்லுப்போல் கடினம், படம் பை-ராட்ஸ் 5, பயோப்சி மட்டும் ‘சாதாரணத் திசு’ என்றால், ஊசி கட்டியின் பக்கத்தால் போயிருக்க இடமுண்டு. அப்போது திரும்ப எடுக்க வேண்டும், “இன்னொருக்கா எடுப்பமா, டொக்டர்?” என்று முதலில் கேட்பவர் பல தடவை தாதியாகத்தான் இருப்பார். மூன்றும் ஒத்துப்போனால், கட்டி என்னவென்று பெயரோடு எழுதி வாங்குங்கள். திரும்ப வரும் திகதி உண்டா, இல்லையா என்று கேளுங்கள். கட்டி வளர்ந்தாலோ, தோல் குழிந்தாலோ, காம்பில் இரத்தம் கண்டாலோ, அக்குளில் நெறி கட்டினாலோ அந்தத் திகதியைப் பாராமல் கொப்பியை எடுத்துக்கொண்டு வரலாம் என்பதையும் அதே பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.